பத்தொன்பதாம் அதிகாரத்துப் பெண்

மார்ச் 4

அண்ணா,

அப்பாவின் அடக்கத்தன்று நீ என்னை வாசலுக்கு வெளியே அனுப்பினாயே, அதற்குப் பிறகு எழுதும் முதல் கடிதம் இது. சண்டையைத் தொடர எழுதவில்லை. வேலை விஷயம். போனில் பேசினால் இரண்டு பேரும் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிடுவோம். காகிதத்துக்குக் கொஞ்சம் பொறுமை அதிகம்.

பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் நான் புத்தகம் வாசிப்பது உனக்குத் தெரியும். வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று சின்ன வயதில் 'ரேடியோ' என்று பேர் வைத்தாய். இப்போது அந்த வாய்க்குத்தான் சம்பளம் தருகிறார்கள். இந்த வருஷம் பைபிளில் பழைய ஏற்பாட்டின் புதிய மொழிபெயர்ப்பை முழுவதும் பதிவு செய்கிறோம். மொழிபெயர்ப்புக் குழுவில் உன் பெயரைப் பார்த்தேன். எபிரேயம் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்பதால், நான் வாசிக்கும் சொற்களில் பாதி உன்னுடையவை என்று எடுத்துக்கொண்டேன். உன் வாக்கியங்கள் மூச்சு முட்டும் அளவுக்கு நீளம். அதுவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போரெல்லாம் வாசித்துவிட்டேன். ஊரைச் சுற்றி நடந்து மதிலை விழவைத்து, உள்ளே இருந்த கிழவர் குழந்தை ஆடு மாடு எதையும் விடாமல் வெட்டியதை வாசித்தேன். நேர்ந்துகொண்ட ஒரு சொல்லுக்காகப் பெற்ற மகளையே பலி கொடுத்த தகப்பனையும் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. தொழில். நேற்று அந்தப் பத்தொன்பதாம் அதிகாரம் வந்தது. கணவனை விட்டுத் தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணின் கதை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு கொடூரம் என்பதால் அங்கேதான் திணறுவேன் என்று சவுண்டுக்காரர் தண்ணீர் பாட்டிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். நான் நின்றது ஆரம்பத்திலேயே. அவளை அழைத்துப்போகக் கணவன் வருகிறான். தகப்பன் அவனைப் பார்த்ததும் சந்தோஷப்படுகிறான். சாப்பிட வைக்கிறான், குடிக்க வைக்கிறான், இன்னும் ஒரு நாள் இரு என்கிறான். அந்த இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. மைக் போய்விட்டதென்று சவுண்டுக்காரர் வயரை ஆட்டிப் பார்த்தார்.

நம் வீட்டுக் கூடம்தான் தெரிந்தது அண்ணா. பெரியக்கா கைப்பெட்டியோடு வந்து நின்றது. அத்தான் பின்னாலேயே வந்தது. அப்பா மீன் வாங்கி வந்தது, கோழி வாங்கி வந்தது. அவர்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டது. அக்கா பரிமாறியது. பிறகு அவரோடு திரும்பிப் போனது. அடுத்த வருஷமே மாடிப்படியில் தவறி விழுந்து இறந்துவிட்டாள் என்று தந்தி வந்தது. நடக்கப் பழகாத அவள் மகள் வாலுவை நீயும் அண்ணியும் தூக்கி வந்து வளர்த்தீர்கள். அதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். ஆனால் அடக்கத்தில் ஒவ்வொருவராக எழுந்து அப்பாவின் விருந்தோம்பலைப் புகழ்ந்தபோது, 'அந்த விருந்துதான் அக்காவைக் கொன்றது' என்று சொன்னதை இன்றும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேட்க வந்தது இதுதான். இந்த அதிகாரத்தை விட்டுவிட உன் குழு அனுமதிக்குமா? முடியாது என்றால், இதை ஏன் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றாவது சொல். என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

ரேடியோ

*

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

அதிகாரத்தை விட முடியாது. குழுவின் முடிவு அது. என் முடிவும் அதுதான். கண் தெரிந்தவன் படிக்கலாம், கண் தெரியாதவன் கேட்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பாடத்தை இறையியல் கல்லூரியில் இருபது வருஷமாக நடத்துகிறேன். மாணவர்களுக்கு முதலில் சொல்வது, வேதம் ஒன்றைச் சொல்வதாலேயே அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்பது. போர்களைப் பற்றி வேறு விதமாகப் பேச வேண்டும். அங்கே கடவுளே கட்டளையிட்டதாக எழுதியிருக்கிறது, அதை நினைத்தால் எனக்கும் இன்றுவரை நெஞ்சில் முள்தான். தோற்று, நாடிழந்த ஒரு சனம், தான் பலமாக இருந்ததாகச் சொல்லிக்கொண்ட கதை என்று சிலர் விளக்குகிறார்கள். அது பாதி ஆறுதல். ஆனால் இந்த அதிகாரத்தில் கடவுள் வாயே திறக்கவில்லை. கவனித்தாயா? மனிதர்கள்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். எழுதியவன் அவர்களைப் புகழவில்லை. கணவன் அவளுடைய மனதோடு பேசப் போனான் என்று ஆரம்பிக்கிறான். அதற்குப் பிறகு வழியெல்லாம் அவன் அவளிடம் ஒரு சொல் பேசியதாகவும் எழுதவில்லை. தங்கின ஊரில் முரடர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், தன் உயிருக்குப் பயந்து அவளைப் பிடித்து வெளியே தள்ளுகிறான். ராத்திரி முழுக்க அவர்கள் அவளைச் சீரழிக்கிறார்கள். விடிந்ததும் அவள் வாசற்படியில் கை வைத்தபடி கிடக்கிறாள். 'எழுந்திரு, போவோம்' என்கிறான். அவன் அவளிடம் பேசியதே அதுதான். இதைவிடக் கடுமையாக ஒருவனை எப்படிக் கண்டிப்பது?

ஒரு சொல்லுக்காகக் குழுவில் நான் போராடினேன் என்பதையும் சொல்கிறேன். அவள் ஏன் கணவனை விட்டு வந்தாள்? எபிரேயப் பிரதி அவள் நடத்தை தவறினாள் என்கிறது. பழைய கிரேக்கப் பிரதி ஒன்று அவள் அவன்மேல் கோபப்பட்டாள் என்கிறது. நான் கோபத்தைத் தேர்ந்தெடுத்தேன். அடிக்குறிப்பில் மற்றதைப் போட்டோம். பெரியக்காவைப் பற்றி ஊர் என்ன பேசியது என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

அப்பாவைப் பற்றி நாம் ஒத்துப்போக மாட்டோம். அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த மருமகனைத் தெருவில் நிறுத்த அவருக்குத் தெரியாது. செத்தவரைக் குழிக்குப் பக்கத்தில் வைத்து நீ கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவா முடியும்?

அண்ணி நலம். வாலு இங்கே வந்திருக்கிறாள், கொஞ்ச நாள் ஓய்வெடுக்க. மாப்பிள்ளைக்கு வேலை அதிகமாம்.

அண்ணன்

*

மார்ச் 21

அண்ணா,

முழுக் கடிதமும் வகுப்பு. நல்ல வகுப்பு, ஒத்துக்கொள்கிறேன். 'கோபம்' என்ற அந்தச் சொல்லுக்கு நன்றி. அதை வாசிக்கும்போது நீ என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கடிதத்தின் உயிர் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. போகிற போக்கில் எழுதி வைத்திருக்கிறாய்.

வாலு வந்திருக்கிறாளா? ஓய்வெடுக்கவா? அவளுக்கு என்ன, கிழவியா ஓய்வெடுக்க? பள்ளிக்கூட மதிலில் ஏறி இறங்கியதற்காக வாலு என்று பேர் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டாயா? நான் கேட்டேன். காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் யாரோ இருக்கிறார் என்பது போலப் பேசுவாள். அதற்குப் பிறகு போனும் எடுப்பதில்லை. அவள் இருப்பது என் ஊர்தான், தெரியும் இல்லையா? ஒரு தடவை நேரே போனேன். கதவுச் சங்கிலியை எடுக்காமலேயே அவன், "அவ குளிக்கிறா சித்தி, இன்னொரு நாள் வாங்க"ன்னு சொல்லிச் சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுதான் பயமாக இருந்தது.

அவள் என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்று பார். ஓய்வெடுக்க வருகிறவள் சான்றிதழ் கொண்டுவர மாட்டாள். பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாளே, மெழுகில் பல் செதுக்கும் அந்தக் கத்திகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார். இருந்தால் அவள் திரும்பிப் போக வரவில்லை.

அவளைத் தனியாகக் கேள். இல்லாவிட்டால் அண்ணி கேட்கட்டும். அவன் வந்தால் உட்காரச் சொல்லாதே. உன் கிரேக்கமும் எபிரேயமும் இருக்கட்டும், இதைச் செய்.

ரேடியோ

*

ஏப்ரல் 2

அன்புள்ள ரேடியோவுக்கு,

நீ சொன்னது சரிதான். சான்றிதழ்கள் இருக்கின்றன. கத்திகளும் இருக்கின்றன, ஒரு பழைய பென்சில் பெட்டிக்குள், துணி சுற்றி. வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டதாம். "அவருக்குப் பிடிக்கல மாமா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். தலை குளித்துவிட்டு வரும்போது அவள் மேல்கையில் விரல் பதிந்த தடங்களை அண்ணி பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, பஸ்ஸில் கம்பி இடித்துவிட்டது என்றாளாம். "கம்பிக்கு அஞ்சு விரலா?" என்று அண்ணி என்னிடம் வந்து அழுதாள்.

இரண்டு நாளாக என்னால் வகுப்பு எடுக்க முடியவில்லை. அந்த அதிகாரத்தின் தகப்பன் என்ற இடம் வந்ததும் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாணவர்கள் குறிப்பெடுக்கத் தயாராகக் காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை பேசினார். சனிக்கிழமை வருகிறாராம். மரியாதையாகத்தான் பேசினார். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அந்தக் கதையில் எல்லோரும் பேசுகிறார்கள், அவளை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நம் வீட்டிலும் பெரியக்காவை யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. இந்த முறை நான் கேட்பேன். ஒளிவு மறைவாக இல்லை. அவர் முன்னாலேயே, எல்லோரும் இருக்கும்போது, 'உனக்கு என்னம்மா வேணும், நீயே சொல்லு' என்று கேட்பேன். அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி நடப்பேன். இதைவிட நியாயமாக நடந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

பெரியக்காவுக்குச் செய்யாததை அவள் மகளுக்குச் செய்கிறோம் என்று நினைக்கும்போது மனசு கொஞ்சம் லேசாகிறது.

அண்ணன்

*

ஏப்ரல் 4

அண்ணா,

வேண்டாம். அவன் முன்னால் கேட்காதே.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. போன் செய்தேன், போகவில்லை. சவுண்டுக்காரர் போனிலிருந்து அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ வகுப்பில் இருந்திருப்பாய். என் எண்ணை மட்டும் இன்னும் தடுத்துதான் வைத்திருக்கிறாய். அண்ணியின் பழைய எண் வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த ஆள் என்னைத் திட்டினான்.

அவன் உட்கார்ந்திருக்கும்போது அவளைக் கேட்பது கேட்பதே இல்லை. அன்று ராத்திரி அவனோடு பஸ்ஸில் போகப் போவது நீ இல்லை, அவள். நீ கேட்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் வீட்டில் போய் விலை கொடுக்க வேண்டும். பதில் சொல்லும்போது அவள் உன் முகத்தைப் பார்ப்பாள் என்றா நினைக்கிறாய்? அவன் கையைப் பார்ப்பாள்.

கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்குள் வந்துவிடும் என்றார்கள்.

*

ஏப்ரல் 8

ரேடியோ,

உன் கூரியர் திங்கட்கிழமைதான் வந்தது. சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னை நல்லவனாகக் காட்ட ஏதாவது எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணி முகம் கொடுக்கவில்லை. நான் உட்காரச் சொன்னேன். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே சரி செய்தார். என் புத்தகங்களைப் பார்த்து நல்ல கேள்விகள் கேட்டார். நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, ரேடியோ. இதை எழுதத்தான் கை கூசுகிறது. சாப்பிடும்போது ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தேன். வாலு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் கேட்டேன். சொல்லப்போனால் அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "வாலு, இங்க வாம்மா. உன் மனசுல என்ன இருக்குன்னு நீயே சொல்லு. இருக்கணும்னா இரு, போகணும்னா போ. யாரும் உன்னை எதுவும் சொல்ல மாட்டாங்க."

அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போறேன் மாமா," என்றாள்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா."

"யோசிச்சுட்டேன் மாமா. போறேன்."

அண்ணி உள்ளே எழுந்து போய்விட்டாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள், கடமை முடிந்தது என்று இருந்தேன். பஸ் நிலையம்வரை கூடப் போனேன். அவளுடைய பையை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை உன் கடிதம். அதைப் படித்துவிட்டு அவள் அறைக்குப் போனேன். அலமாரியில் பென்சில் பெட்டி இருந்தது. சான்றிதழ்களும் இருந்தன. மறந்துவிட்டுப் போகவில்லை. அவற்றையாவது காப்பாற்ற நினைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் போன் எடுக்கவில்லை. உன் எண்ணைத் தடுத்து வைத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது அந்தத் தடையை எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் கூரியரில் அனுப்புகிறேன். உன்னோடு பேச எனக்கு முகமில்லை. நீ பக்கத்தில் இருக்கிறாய். தயவுசெய்து போய்ப் பார்.

*

ஏப்ரல் 14

அண்ணா,

வாலு என்னிடம் இருக்கிறாள் என்று போனில் சொன்னதும் நீ அழ ஆரம்பித்துவிட்டாய், அதனால் மீதியைச் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன்.

உன் கடிதம் பத்தாம் தேதி பதிவுக் கூடத்துக்கு வந்தது. சவுண்டுக்காரர் பதிவை நிறுத்திவிட்டு, "அக்கா, வண்டியை எடுக்கவா?" என்றார். ஸ்பீக்கர் ஏற்றும் வேன். அவருக்கு உடம்பு பெரிசு, மனசு பூனைக்குட்டி. ஆனால் அவர் வாசலில் நின்றால் யாரும் கதவைச் சாத்த முடியாது. அன்றைக்கு அதுதான் தேவைப்பட்டது.

சங்கிலியை எடுக்காமல் அவன் அதே சிரிப்போடு, "தூங்குறா சித்தி" என்றான். "பரவாயில்ல மாப்பிள்ள, எழுந்திருக்கட்டும், நாங்க இங்கேயே நிக்கிறோம்"னு சொல்லி மாடிப்படியிலேயே நின்றோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவனுக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான் போல. சங்கிலியை எடுத்தான்.

உள்ளே அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் நின்ற பக்கத்துக் காது கேட்கவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை அண்ணா. வர்றியா, இருக்கியா, எதுவும் இல்லை. "சித்திகூடக் கடைக்கு வா"ன்னு மட்டும் சொன்னேன். வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். அவன், "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?" என்றான். சவுண்டுக்காரர், "கடை எப்போ சாத்துதோ அப்போ" என்றார்.

இடது காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, கேட்கும் சக்தி முழுசாகத் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். எழுதிக்கொண்ட பெண் காவலர் நல்லவர், நடுவில் எழுந்து போய் அவளுக்குத் தேநீர் வாங்கி வந்தார்.

பஸ்ஸைவிட்டு இறங்குமுன்னேயே அவன் ஆரம்பித்தானாம். "உன் மாமா ஏன் அப்படிக் கேட்டாரு? அவருகிட்ட என்ன சொன்ன?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அவள் உன்னைப் பார்க்க விரும்பவில்லை. அண்ணி வரட்டும்.

ரேடியோ

*

ஏப்ரல் 27

ரேடியோ,

எழுதியது நல்லது. எனக்குத் தெரியத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி உன்னிடம் சொல்லியிருப்பாள். அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நான் பட்டினி கிடந்தால் அவளுக்குக் காது கேட்டுவிடாது.

அண்ணி கையில் பென்சில் பெட்டியையும் சான்றிதழ்களையும் கொடுத்து அனுப்பினேன்.

சித்தப்பா பையன்கள் வந்திருந்தார்கள். அவனைப் பிடித்துக் கையை உடைக்க ஆள் சேர்க்கிறார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கும் சரி என்று பட்டது. பிறகு அந்தக் கதை எப்படிப் போகிறது என்று நினைத்துப் பார்த்தேன். செத்துப்போன அவளுக்காகப் பழி வாங்குகிறோம் என்று ஊர்கள் திரண்டு, அந்த முரடர்கள் பிறந்த கோத்திரத்தையே, ஒரு முழு இனத்தையே, கிட்டத்தட்ட அழிக்கிறார்கள். அப்புறம் ஐயோ கோத்திரம் அழிகிறதே என்று, மிஞ்சின ஆண்களுக்காக வேறு ஊர்ப் பெண்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்து வருகிறார்கள். ஒருத்திக்கு நடந்தது நூற்றுக்கணக்கான பேருக்கு நடக்கிறது. இதெல்லாம் அவளுக்காக! "வாலுவக் கேட்டீங்களாடா?" என்றேன். "இதுல என்ன கேக்கறது?" என்றார்கள். அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தன் பக்கத்துப் பெரியவர்களோடு எங்கள் தேவாலயச் சபையின் மூப்பர்களிடம் வந்தான். என்னையும் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து நின்று கதையைச் சொன்னான். மனைவி கோபித்துக்கொண்டு போனாள், தான் பொறுமையாக அழைத்து வந்தான், சித்தி ஒரு முரட்டு ஆளோடு வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாம் நடந்ததுதான். தன் கை செய்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான். அந்த அதிகாரத்துக் கணவனும் அப்படித்தான், பிறகு ஊர்ச் சபையில் நின்று கதை சொல்லும்போது தானே அவளை வெளியே தள்ளியதைச் சொல்லமாட்டான். வகுப்பில் இதை நான் ரசித்துச் சொல்வேன், மாணவர்கள் சிரிப்பார்கள்.

நான் எழுந்தேன். "இவர் ஒண்ணை விட்டுட்டாரு" என்றேன். விரல் தடம், காது, மருத்துவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "நானும் ஒண்ணைச் சொல்லணும். இவரை உட்கார வச்சு சாப்பாடு போட்டது நான். அவளை இவர் முன்னால நிறுத்திக் கேட்டது நான். பையைத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்திவிட்டதும் நான்தான்" என்றேன்.

மூத்தவர், "படிச்சவர், பாடம் சொல்லிக் கொடுக்கறவர், குடும்ப விஷயத்தை இப்படி வெளியில பேசலாமா?" என்றார்.

"இந்த விஷயம் வேதத்துலயே வெளியில வந்தாச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காவல் நிலையத்திலும் போய் வாக்குமூலம் கொடுத்தேன்.

ஏன் இதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். இருபது வருஷமாக நான் அந்தக் கதையை, எழுதியவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படித்திருக்கிறேன். அங்கே நின்றால் எல்லோருடைய தவறும் தெரியும், நம்முடையது தெரியாது. அந்தக் கணவன் நானில்லை, அந்த முரடர்கள் நானில்லை என்று நிம்மதியாக இருந்தேன். தகப்பனை நான் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. அவன் கெட்டவன் இல்லையே, விருந்து வைத்தவன்தானே. இப்போது அப்பாவை நினைத்தால் கோபமும் வருகிறது, அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருக்கிறது. அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க அதைத் தொண்டையில் வைத்திருந்தாரோ என்னவோ. நாம் கேட்கவில்லை.

எனக்கு விளக்கம் தெரியாது ரேடியோ. அந்தப் பெண்ணைக் கைவிட்டவர்களில் யாரோ ஒருவன், அவளை எழுத்திலாவது விடக்கூடாது என்று பிடித்து வைத்துக்கொண்டான் போல. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாலுவைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

அண்ணன்

*

மே 19

அண்ணா,

பதில் எழுதத் தாமதமானது கோபத்தால் இல்லை. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். உன் கடிதத்தை அவளே படித்தாள். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

இங்கே ஒரு பல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மெழுகு வாசனையோடு வீட்டுக்கு வருகிறாள். ராத்திரி சாப்பிடும்போது எதிரே இருப்பவர்களின் பல்லைப் பார்த்துக் கருத்து சொல்கிறாள். சவுண்டுக்காரருக்கு முன்பல் கோணல் என்று சொல்லிவிட்டாள், மனிதர் இரண்டு நாளாகச் சிரிக்கவில்லை. ஆனால் படியில் யாராவது ஏறி வந்தால் இன்னும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுகிறாள். வழக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அவன் வக்கீல் வைத்திருக்கிறான்.

பதிவு முடிந்தது. அந்த அதிகாரத்தை வாசித்தபோது அவளும் கூடத்தில் இருந்தாள். வேண்டாம் என்றேன். "நான் கேக்கணும் சித்தி" என்று நல்ல காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிறுத்தாமல் வாசித்தேன். முடிந்ததும், "இவ்வளவு பேரு பேசுறாங்க, அவ ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றாள். மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டீர்களா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். மூலத்திலும் இல்லை என்று சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே, "ஓடி வந்தாளே, அதுதான் அவ பேசினது. யாருக்கும் கேக்கல" என்றாள். சவுண்டுக்காரர் எதையோ துடைப்பது போலக் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

அண்ணா, அப்பா தொண்டையில் வைத்திருந்தாரோ என்று எழுதியிருந்தாயே. அந்த வரியை நான் பல தடவை படித்தேன். அடக்கத்தில் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதினேன். இன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் உயிரோடிருந்தபோது, தனியாக, அவர் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேட்டிருக்கலாம். கூட்டத்தில் வைத்துக் கேட்டது நானும்தான். நீ மட்டும் இல்லை.

நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாலு தானாகவே சொன்னாள். "மாமா வரணும்னா வரட்டும். மேல வரவேண்டாம். கீழே நிக்கட்டும். எனக்குத் தோணினா இறங்கி வர்றேன்."

அதனால் வா. என் வீடு டயர் கடைக்கு மேலே. கடைக்கு முன்னால் நில். கூப்பிடாதே, போன் செய்யாதே, மேலே பார்த்துக் கையசைக்காதே. அவள் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை வந்து நில்.

அவள் வராவிட்டால் நான் வருகிறேன். எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது, பெஞ்சு ஆடும், டீ பரவாயில்லை. பெரியக்காவைப் பற்றிப் பேசலாம். அவள் செத்ததைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. உனக்குத்தான் அவளை என்னைவிட அதிகம் தெரியும், நான் சின்னவள். அவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு நினைவில்லை அண்ணா. நீ சொல்.

ரேடியோ